அந்தியேட்டிக்கு ஒரு மெட்டு

தேவதாசனை இசையமைப்பாளர் என்று முதலில் சொன்ன ஆளுக்குக் காது இருந்திருக்காது. மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் பிறந்தநாள், சாமத்தியவீடு எல்லாவற்றுக்கும் கீபோர்ட்டைப் போட்டு அடிக்கிறவன் அவன்தான். பெயருக்கு முன்னால் 'இசைச்சுடர்' என்று வேறு போட்டுக்கொள்வான். அந்தப் பட்டத்தைக் கொடுத்ததும் அவனேதான்.

ஆனாலும் என் கணவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அவனிடம்தான் போனேன். இப்போதெல்லாம் செத்தவரின் வரலாறும் புலம்பலும் போட்ட கல்வெட்டுப் புத்தகம் அச்சடித்துக் கொடுத்தால் காணாதாம், மண்டபத்தில் நினைவுப்பாடலும் ஒலிக்க வேண்டுமாம். மச்சாள் சிவாஜினி தன் தகப்பனுக்குப் போட்டாள். நான் மட்டும் குறைந்தவளா? என் மனுசன் நகுலேஸ்வரன் மொன்றியல் துறைமுகத்தில் கொண்டெய்னர் இறக்கியே தேய்ந்தவர். ஒரு மேடை, ஒரு மாலை கண்டதில்லை. கடைசியாக ஒரு தடவையாவது சபை அவருக்காக அடங்கி இருக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

"அண்ணைக்குப் பாட்டு விருப்பமோ?" என்று தேவதாசன் கேட்டான்.

"அவருக்கும் பாட்டுக்கும் ஏழாம் பொருத்தம். நீர் சோகமாய் ஒண்டு போடும்."

"பயப்பிடாதேங்கோ அக்கா. முழுக்க என்ர சொந்த மெட்டு."

கல்வெட்டில் இருந்த புலம்பல் வரிகளை அவனிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்தியேட்டியன்று ரொக்ஸ்பரோ மண்டபம் நிறைந்திருந்தது. துறைமுகத்து ஆட்களும் கறுப்பு டை கட்டிக்கொண்டு வந்து பின்வரிசையில் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் மாதிரி ஒருவன், பிரெண்டன். பூர்வீகம் அயர்லாந்து. "குலவிளக்கே, எம்மை விட்டு எங்கு சென்றாய்" என்று பாட்டுத் தொடங்கியது. இரண்டாவது வரியிலேயே பின்வரிசையில் கால்கள் தாளம் போட்டன. பிறகு மேசையில் தட்டினார்கள். பிறகு பிரெண்டன் ஆங்கிலத்தில் வாய்விட்டுப் பாடத் தொடங்கினான், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் சனம் முதலில் முழுசியது, பேந்து சிரித்தது. சிவாஜினி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்ற தேவதாசனிடம் போனேன். "என்ன கண்டறியாத மெட்டு இது?"

"அது... அயர்லாந்துக்காரர் தவறணையில பாடுறது அக்கா. கொஞ்சம் மெதுவாக்கினனான்."

"அந்தியேட்டிக்குக் குடிகாரப் பாட்டோ?"

"உலகமே அவங்களிட்டத்தானே எடுத்தது. அமெரிக்கன்ர கன்ட்ரி பாட்டு, இஞ்ச கியூபெக்காரர் காலால தட்டித் தட்டிப் பாடுறது, எல்லாத்திலயும் அவங்கட மெட்டு இருக்கு. நான் எடுத்தால் மட்டும் குற்றமோ?"

ஊரெல்லாம் எடுத்ததால் இவன் நீதிமானாம். வெட்கம் கெட்ட பிறவி. "நிப்பாட்டும்" என்றேன்.

பாட்டு நின்றது. பின்வரிசை நிற்கவில்லை. கடைசி வரிவரை பாடி முடித்துவிட்டுப் பிரெண்டன் என்னிடம் வந்தான். அவன் கண் சிவந்திருந்தது.

"நன்றி, மிஸஸ் நகுல்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். "அவருடைய பாட்டையே போட்டிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் அவர்தான் இதைத் தொடங்குவார். எங்களில் யாருக்கும் அப்படிக் குரல் இல்லை. வீட்டில் கேட்டுக் கேட்டு உங்களுக்கு அலுத்திருக்கும்."

ஓம் என்று தலையாட்டினேன். வீட்டில் அந்த மனுசன் பாடி ஒரு வரிகூட நான் கேட்டதில்லை.

தேவதாசன் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"திரும்பப் போடும்" என்றேன். "உம்மட இழுவையை இல்லை. அவர் பாடின வேகத்தில போடும்."