காரின் மேல் உட்கார்ந்த பெண்மணி

வெர்னிஸ் டட்லியின் முதல் நாவல் கடைக்கு வந்த அன்று எங்கள் பார்லரில் ஒருவர் தலையும் ஒழுங்காகப் பின்னப்படவில்லை. பின்னுகிற கை பாதியில் நின்று புத்தகத்தைப் புரட்டியது. சிகாகோவின் தெற்குப் பக்கம், நாங்கள் தினம் நடக்கிற தெரு, மூலையிலிருக்கும் பொரித்த கோழிக் கடை, எல்லாம் அச்சில் இருந்தன. நானும் வெர்னிஸும் அங்கே அடுத்தடுத்த நாற்காலிகளில் தலை பின்னுகிறவர்கள். சாப்பாட்டு நேரத்தில் அவள் ஏதோ எழுதுவாள். வீட்டுக் கணக்கு என்றே நினைத்திருந்தேன்.

சாயங்காலம் நூலகத்தில் அவள் வாசிக்க வேண்டும். நான்தான் காரில் கூட்டிப் போனேன்.

"டார்லின், கை நடுங்குதுடி."

"நடுங்கட்டும். யாருக்காவது முடியா வெட்டப் போற?"

உள்ளே நாற்காலி போதாமல் சுவரோரமெல்லாம் ஆட்கள். முன்வரிசையில், ஊதாத் தொப்பியோடு, மடியில் புத்தகத்தோடு மிஸஸ் கிரைம்ஸ். பார்த்ததும் வெர்னிஸின் முகம் சுண்டிப்போனது.

காரணம் உண்டு. சின்ன வயதில் வெர்னிஸ் குடியிருந்த கட்டடத்தில் மிஸஸ் கிரைம்ஸ் இரண்டாம் மாடிக்காரர். ஒரு ஜனவரியில் கட்டடத்தின் ஹீட்டர் நின்றுபோனது. கட்டட முதலாளி கண்டுகொள்ளவில்லை. அவர் ஒருநாள் வந்து இறங்கியதும், இந்த அம்மாள் கொட்டும் பனியில் அவருடைய காரின் முன்பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார். முதலாளி ஆளை வரவழைத்து ஹீட்டரைச் சரிசெய்யும்வரை இறங்கவில்லை. நாவலின் உயிரே அந்த அத்தியாயம்தான். வெர்னிஸ் பெயரை மட்டும் மாற்றியிருந்தாள்.

அவள் வேறு அத்தியாயத்தைப் பிரித்து வாசிக்கத் தொடங்கினாள். இரண்டு வரிகூட ஆகியிருக்காது.

"அத விடு, கண்ணு," என்றார் மிஸஸ் கிரைம்ஸ். "கார் வர்ற எடத்தப் படி."

கூட்டம் சிரித்தது. வெர்னிஸ் மட்டும் சிரிக்கவில்லை. "படிச்சிட்டீங்களாம்மா?"

"மத்தியானமே வாங்கிட்டேன். நேரா அந்த எடத்துக்குத்தான் போனேன். எல்லாம் சரி. ஆனா நான் அழுதேன்னு எழுதியிருக்க பாரு, அது பொய். அந்தாளுக்காக நான் அழுவேனா?"

சிரிப்பு அடங்கிவிட்டது. வெர்னிஸ் புத்தகத்தை மூடினாள்.

"அவரு முன்னாடி நீங்க அழல. அன்னைக்கு வீட்டுக்கு வந்தப்புறம், அடுப்புக்கிட்ட நின்னு அழுதீங்க. எங்கம்மா உங்ககிட்ட சக்கரை வாங்கிட்டு வரச் சொன்னாங்க. கதவு தொறந்திருந்துச்சு."

மிஸஸ் கிரைம்ஸ் தொப்பியைச் சற்றே மேலே தள்ளிவிட்டு அவளைப் பார்த்தார்.

"பாத்தியா நீ?"

"பாத்தேன். சக்கரை கேக்காமயே திரும்பிட்டேன்."

"இத்தன வருஷமா யார்கிட்டயும் சொல்லல?"

"சொல்லலம்மா."

"இப்ப அமெரிக்கா பூராவும் சொல்லிட்டியேடி."

யாரோ ஒருவர் அடக்க முடியாமல் சிரிக்க, மொத்தக் கூடமும் வெடித்தது. அந்த அம்மாளும் சிரித்தார். பிறகு எழுந்து மேடைக்கு நடந்தார். "நகரு. நானே படிக்கறேன்."

படித்தார் பாருங்கள். முதலாளியின் கீச்சுக்குரல் ஒன்று, தன் குரல் ஒன்று. காரின் மேல் ஏறும் இடத்தில் மேசையை ஓங்கித் தட்டினார். "விடாதீங்கம்மா," என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் குரல் கொடுத்தார். அடுப்பருகே வரும் வரிகளில் மட்டும் குரல் இறங்கியது. ஒரு சொல்லையும் விடாமல் முடித்தார். ஜனங்கள் எழுந்து நின்று ஓயாமல் கைதட்டினார்கள். வெர்னிஸ் முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தாள்.

விற்கக் கொண்டுவந்த புத்தகமெல்லாம் தீர்ந்து, புத்தகக் கடைக்காரர் இன்னொரு பெட்டி எடுக்க ஓடினார். வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனது. வெர்னிஸ் முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் நாற்காலி இழுத்துப்போட்டு உட்கார்ந்த மிஸஸ் கிரைம்ஸ், ஒவ்வொரு பிரதியிலும் அந்த அத்தியாயத்தைப் பிரித்து, கதைக்காக மாற்றிய பெயரை அடித்துவிட்டு, தன் பெயரை "ஒக்டேவியா கிரைம்ஸ்" என்று பெரிதாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.