மச்சினன் பிடித்த கயிறு

புருஷன் பாஸ்கலின் காதில் பஞ்சு வைக்க அற்புதமணிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சங்கு குளிக்கப் போன இருபது வருடமும், கடலில் இறங்கும் நாளெல்லாம் எண்ணெயில் தோய்த்து அவள்தான் வைத்துவிடுவாள். இன்றைக்கு எண்ணெய் வேண்டாம் என்பது கிண்ணத்தில் அதை ஊற்றிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஊற்றியதைப் புட்டியில் திருப்பி ஊற்றினாள். கொஞ்சம் தரையில் சிந்தியது.

ஒரு மாதமாக நெஞ்சுவலி, இருமினால் ரத்தம். விடியற்காலையில் தண்ணீர் கேட்டான், கொண்டுவருவதற்குள் போய்விட்டான்.

வாசலில் பெரியவர்களைவிடப் பிள்ளைகள்தான் அதிகம். வழக்கம்போலக் கடற்கரைக்குப் போய், வாத்தியார் வராததால் தேடி வந்தவர்கள். பாதிப் பேர் கக்கத்தில் சுரைக்குடுக்கை இருந்தது. சாவு வீட்டுக்கு எதைக் கொண்டு வருவது என்று பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?

ஒன்பது வருடமாக நடந்த நீச்சல் பாடம் அது. கோயிலில் காலைச் செபத்துக்குத் திருந்தாதி மணி அடித்ததும் பாஸ்கல் கரையில் நிற்பான். பரதவர் பிள்ளை, சாயபு பிள்ளை, உப்பளத்துப் பிள்ளை, ஆண், பெண் எல்லாம் அவனுக்கு ஒன்றுதான். முதுகில் மிதப்புக்குக் குடுக்கையைக் கட்டி, இடுப்பில் கயிற்றை முடிந்து தண்ணீருக்குள் கூட்டிப் போவான். "கடல்ட்ட சண்டை போடாத. மல்லாந்து வானத்தப் பாரு. பயந்து வந்தா கயித்த ஒரு தடவை வெடுக்குன்னு இழு. கரையில நிக்க மாமா ஒன்ன இழுத்துருவான்." பத்தாம் நாள் குடுக்கையை அவிழ்த்துவிடுவான். பதினைந்தாம் நாள் கயிற்றையும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையைக் கரைக்குக் கூப்பிடுவதுதான் தாய்க்குப் பெரும்பாடு.

கரையில் கயிற்றைப் பிடித்து நின்ற மாமா, அற்புதமணியின் தம்பி இன்பமணி. கடலில் மூழ்கும் குளிகாரனின் கயிற்றை மச்சினன்தான் பிடிக்க வேண்டும் என்பது அந்தக் கடற்கரையின் கட்டுப்பாடு. கயிற்றின் அந்த முனையில் அக்காளின் தாலி கிடக்கும்போது எவனுக்குக் கண் அசரும்? தோணியிலும் அவன்தான் பிடித்தான், பாடத்திலும் அவன்தான் பிடித்தான். ஆனால் ஒன்பது வருடமாகப் பாஸ்கலோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர்களுக்குள் பேச்சு என்று இருந்ததெல்லாம் கயிறு இழுபடுவதுதான்.

காரணம் மிக்கேல். அற்புதமணி பெற்ற ஒரே பிள்ளை. ஏழு வயதில் உப்பளத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் வாய்க்காலில் வழுக்கி விழுந்து செத்தான். ஆழ்கடல் இல்லை, அலை இல்லை, பெரிய ஆளுக்கு மார்பளவுத் தண்ணீர். பத்து நாள் பாடம் படித்த எந்தப் பிள்ளையும் மல்லாந்து கிடந்தே பிழைத்திருக்கும்.

"குளிகாரன் பிள்ளைக்கு நீச்சல் தெரியாதாமே!" என்று ஊர் வாயைப் பிளந்தது. பிறகு அவன் பாடம் தொடங்கியபோது, "தன் பிள்ளையக் காவு குடுத்துட்டு ஊரான் பிள்ளைய ஊட்டி வளக்கான்" என்று சிரித்தது. சிரித்த வாய்கள்தான் மறு மாதமே பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டன.

ஆனால் நடந்தது வேறு. அற்புதமணியின் அப்பன் சங்கு குளியில் போனவன், உடல்கூடக் கிடைக்கவில்லை. மிக்கேலுக்கு ஞானஸ்நானம் ஆன அன்று, கோயில் காலியானதும் அவள் மாதா சுரூபத்துக்கு முன்னால் புருஷனை நிறுத்தினாள். இவன் காலில் உப்புத்தண்ணீர் படாது, இவனுக்கு நீச்சல் சொல்லித்தர மாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். நீச்சல் தெரிந்தால்தானே கடல் கூப்பிடும் என்பது அவள் கணக்கு. பாஸ்கல் இரண்டு தரம் கெஞ்சிப் பார்த்தான். அவள் அழுதாள். பிறகு அவன் கேட்கவே இல்லை.

பிள்ளையை வாய்க்காலிலிருந்து தூக்கி வந்த அன்று பிள்ளைக்கு ஏன் நீச்சல் தெரியாது என்று ஊர் சுற்றி நின்று கேட்டபோது, அவள் பதில் சொல்லுமுன் பாஸ்கல் முந்திக்கொண்டான். "எனக்கு நேரமில்ல. நாந்தான் சொல்லிக்குடுக்கல." அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள். ஒன்பது வருடமாக மூடியே வைத்திருந்தாள். அந்தக் கோழைத்தனத்துக்கு அவள் தன்னையே வெறுத்தாள். சில நாள் தன்னைக் காப்பாற்றிய அவனையும் வெறுத்தாள்.

சாவு வீட்டுக்கு வந்த ஹாஜரா பீவி, மகன் ஈஸாவைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "போன வருசம் தோணியிலருந்து விழுந்தவன், ஆளு வாரவரைக்கும் மல்லாந்தே கெடந்தான் தாயி. ஒங்க வீட்டுக்காரவுக குடுத்த உசிரு." கண்ணைத் துடைத்தவள் நல்ல மனதோடுதான் அதையும் சொன்னாள். "பெத்த பிள்ளைக்கு மட்டும் ஏன் சொல்லிக்குடுக்காமப் போனாகளோ!"

அற்புதமணி ஈஸாவை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

கல்லறைக்கு வர வேண்டாம் என்று பெண்கள் தடுத்தார்கள். அவள் கேட்கவில்லை. குழி ஓரத்தில் செபம் முடிந்ததும் கோயில் உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பாஸ்கல் பெத்த மகனைக் கவனியாமல் விட்டான். அந்தப் பாவத்துக்கு ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கரையேற்றிப் பரிகாரம் செய்தான். ஆண்டவர் அவனை மன்னிப்பாராக."

"மன்னிக்க அவுக என்ன செஞ்சாக?"

யார் குரல் என்று அவளே ஒரு கணம் திகைத்தாள். பிறகு நிறுத்த முடியவில்லை. "நாந்தான் தடுத்தேன். மாதா முன்னால சத்தியம் வாங்கினேன். சொல்லிக்குடுக்கேன் சொல்லிக்குடுக்கேன்னு அவுக கெஞ்சுனாக. எம்பிள்ளைய நாந்தான் கொன்னேன்!"

நாலு கைகள் அவளைத் தாங்கிப் பிடித்தன.

"பாவம், புருசன் பழியத் தன் தலையில போட்டுக்கிடுதா" என்றது ஒரு குரல்.

"பொம்பளன்னா இப்படில்லா இருக்கணும்" என்றது இன்னொன்று.

உபதேசியார் தலையை ஆட்டினார். "உத்தமி" என்றார்.

"சத்தியமாச் சொல்லுதேன்" என்று அவள் கத்தினாள். "சரி தாயி, சரி" என்று முதுகைத் தடவினார்கள். ஒன்பது வருடம் பொத்தி வைத்த உண்மையை நடுக்கூட்டத்தில் கொட்டியும் குனிந்து பொறுக்க ஆளில்லை. பேசியிருக்க வேண்டிய நாளில் பேசாதவளுக்கு, பேசிய நாளில் கிடைத்தது உத்தமிப் பட்டம்.

இன்பமணி மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டியை இறக்கும் கயிறு ஒன்று அவன் கையில் இருந்தது. அக்கா பொய் சொல்லும்போது எப்படி இருப்பாள் என்று அவனுக்குத் தெரியும். இப்போது அவள் அப்படி இல்லை.

பெட்டி இறங்கியது. அடியில் மணலைத் தொட்டது. மற்ற மூன்று பேரும் கயிற்றை விட்டுவிட்டு நகர்ந்தார்கள். இன்பமணி நகரவில்லை. தோணியில் நிற்பதுபோல ஒரு காலை முன்னால் ஊன்றி, கயிற்றை உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு குழிக்குள் பார்த்தபடி நின்றான்.

"விடுங்க அண்ணாச்சி, பெட்டி இறங்கிட்டு" என்றான் குழி வெட்டியவன்.

"இருலே" என்றான் இன்பமணி. "அத்தான் இன்னும் இழுக்கல."

குடுக்கையோடு நின்ற பிள்ளைகள் எல்லாம் அந்தக் கயிற்றையே பார்த்தார்கள்.