பூவம்மாவின் நெஞ்சில் குடியிருந்தவை

ஐந்து வருஷம் ஒரே வீட்டில் குடியிருந்தால், வந்தபோது இருந்த ஆளாகவே நீங்கள் இருப்பீர்களா? 2003 ஆடி மாசம் பூவம்மாவின் சளியைப் பார்க்கும்வரை தவசிமுத்து இதை யோசித்ததே இல்லை.

அவன் சாத்தான்குளத்துக்காரன். தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன லேபில் பதினோரு வருஷமாகக் கிருமி வளர்த்துப் பார்க்கிற வேலை. பேச்சுத்துணையும் அவைதான். பூவம்மா காத்திவாக்கத்தில் உப்பங்கழிக்குள் இறங்கி, சேற்றைக் கையால் தடவி எறா பிடிக்கிறவள். பிடித்ததைப் போடும் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டே தடவ வேண்டும். மூச்சு மூக்கு வழியாகத்தான். ஐந்து வருஷமாகப் பச்சைச் சளி. காசநோய் இல்லை. ஊசி போட்டால் அடங்கும், மறுபடி கிளம்பும். இந்தத் தடவை மருந்து கேட்காவிட்டால் அழுகின நுரையீரலை வெட்டி எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெட்டினால் மூச்சு போதாது, அப்புறம் பறியைக் கடிக்க முடியாது.

அவளுடைய பழைய கிருமி வளர்ப்புத் தட்டில் தட்டையாக, பச்சையாக வளரும். இந்தத் தடவை வளர்ந்ததோ வழவழவென்று, சளி சொட்டுகிற மாதிரி. அதில் பெரிய புள்ளி ஒன்றைக் கிள்ளி மருந்து வைத்துப் பார்த்தான். பழைய மருந்துக்கே செத்தது. செத்தால் இவள் ஏன் இன்னும் இருமுகிறாள்? சளிப் புட்டி மாறியிருக்க வேண்டும் என்று முடிவுகட்டினான். வியாழக்கிழமை அவள் ரிசல்ட் வாங்க வந்ததும் கேட்டுவிட்டான்.

"யக்கா, இது ஒங்க சளிதானா?"

"பின்ன, பக்கத்து வூட்டாண்ட கைமாத்து வாங்கியாந்தேனா நைனா?"

அவன் தன் கணக்கை விளக்கினான், ஒரு புள்ளியைக் கிள்ளினது உட்பட. அவள் சிரிக்கப்போய் இருமினாள். மூச்சு திரும்பியதும் சொன்னாள்.

"ஒரு எறாவப் புடிச்சிட்டு, கழி பூரா இதான் கீதுன்னு சொல்லுவியா நீ?"

தவசிமுத்து பின்கட்டுக்கு ஓடினான். பழைய தட்டுகள், கிருமி சாக அவிப்பதற்காகக் குக்கருக்குள் இருந்தன. நல்லவேளை, அடுப்புப் பற்றவைக்கவில்லை. அவள் தட்டை வெளிச்சத்தில் பிடித்தான். வழவழப்புக்கு ஓரத்தில் பழைய பச்சை. இரண்டுக்கும் நடுவே குண்டூசி முனை அளவு புள்ளிகள். நேற்று இவை கண்ணிலேயே படவில்லை. இத்தனை வருஷம் ஒரே நாளில் தட்டைத் தூக்கிப்போட்டுக்கொண்டிருந்தோமே என்று நொந்துகொண்டே புதுத் தட்டுகளை எடுத்தான். மூன்றையும் தனித்தனியாக வளர்த்து, பழைய மருந்தோடு வேறு மருந்துகளும் வைத்தான். வழவழப்பில் கொஞ்சத்தைத் திரவத்தில் போட்டு, ஆட்டாமல் அசைக்காமல் வைத்தான்.

ஞாயிறு விடுமுறை. பூட்டைத் திறந்துகொண்டு போனான். அசையாத திரவத்திலிருந்து முந்தின நாள் எடுத்துப் பரப்பியதில் பழைய பச்சை முளைத்திருந்தது. அப்படியானால் வழவழப்பு வேற்றாள் இல்லை, பச்சைக்குப் பிறந்ததுதான்! சின்னப் புள்ளிகளோ பழைய மருந்தை ஒட்டி உட்கார்ந்தே வளர்ந்திருந்தன. ஐந்து வருஷத்துக்கு முன் உள்ளே போன கூட்டம் ஒன்றுதான். அந்த நெஞ்சிலேயே பெருகி, ஒரு வாரிசு போர்வை போர்த்தப் பழகியிருக்கிறது. இன்னொன்று ஒடுங்கிக் கிடந்து ஊசிக்குத் தப்பப் பழகியிருக்கிறது. தட்டில் இந்த ஒடுங்கினதை வேறொரு மருந்து சுத்தமாகத் துடைத்திருந்தது.

தட்டுகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு டாக்டர் வீட்டுக்கே பஸ் ஏறினான். அவர் மூன்றையும் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார். வெட்டுகிற பேச்சை இப்போதைக்குத் தள்ளிவைப்போம், இரண்டு மருந்தும் சேர்த்துப் போடலாம் என்றார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பூவம்மாவுக்கு முதல் ஊசி போட்டார்கள்.