காப்பி குடிக்காமல் வந்த நாற்பது பெண்கள்

இயந்திரம் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டது. நிபியா தாளை இரண்டு முறை படித்தாள்.

முப்பத்து மூன்று வயதில் மாலைக் கல்லூரியில் சேர்ந்தவள். வரலாற்றுத் தேர்வை இரண்டு தடவை முடிக்காமலே எழுந்து வந்திருக்கிறாள். பதில் தெரியாமல் இல்லை; மூன்றாவது கேள்வியில் இருக்கும்போது வெளியே யாராவது சுவரில் ஏணியைச் சாய்ப்பார்கள், அதோடு சரி. பள்ளியில் மேஜை மீது ஏறிய பையன்களுக்கு ஏ.டி.எச்.டி., கவனம் நிற்காத கோளாறு, என்றார்கள். சும்மா உட்கார்ந்திருந்த இவளுக்கு நிலாவில் குடியிருக்கிறாள் என்ற பெயர்தான் கிடைத்தது.

மருத்துவர் சான்று தந்தால் தேர்வில் முக்கால் மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். மொந்தெவிதேயோவில் இருந்த இந்த ஆய்வுக் குழு பெண்களின் மூளையைப் படமெடுத்துச் செயற்கை நுண்ணறிவிடம் காட்டியது. அது கோளாறு ‘இருக்கலாம்’ என்றால்தான் மருத்துவர் நேர்காணல்.

படமெடுக்கும் சுல்மாவிடம் போய் நின்றாள்.

“எல்லாருக்கும் இல்லேன்னுதான் சொல்லுதா?”

“நாப்பத்தாறு பேர்ல நாப்பது பேருக்கு. வெளிநாட்டுல கத்துக்கிட்டு வந்த மெஷின்மா. அங்க நல்லாத்தான் சொல்லுச்சாம்.”

“படிவத்துல சொல்லியிருந்த மாதிரியே முந்தின நாள்லேருந்து நான் காப்பியத் தொடலையே!”

ஊரே நாள் முழுக்க உறிஞ்சும் மாத்தே இலைக் குடுவையில் சுல்மா வெந்நீர் ஊற்றி நீட்டினாள். நிபியா உலோகக் குழலை உறிஞ்சினாள், நிறுத்தினாள்.

“அன்னிக்கும் நீ இதக் குடுத்தே.”

“பின்ன? வந்தவங்கள வாய் காயக் காக்க வைக்க நான் என்ன காட்டுமிராண்டியா?”

“இதுலயும் காப்பியில இருக்கிற அதே கஃபீன்தானேடி இருக்கு?”

“மாத்தே எப்பிடிடி காப்பியாகும்?” என்ற சுல்மா, பாதிச் சிரிப்பில் வாயை மூடிக்கொண்டாள்.

இருவரும் மருத்துவர் எச்செனிக்கேயிடம் ஓடினார்கள். அவர் கக்கத்திலும் மாத்தேக்கான வெந்நீர்க் குடுவை. கேட்டுவிட்டு மெல்ல உட்கார்ந்தார்.

“மூளையோட ரத்த ஓட்டத்தையே மாத்துமே அது. படிவத்த மொழிபெயர்த்தது நான்தான். காப்பின்னு இருந்துச்சு, காப்பின்னே எழுதிட்டேன். நாப்பது பேரையும் திரும்பக் கூப்பிடணும்.”

அடுத்த வாரம் முதல் ஆளாக நிபியா வந்தாள். ஒன்றரை நாள் மாத்தே இல்லாமல் தலை இடித்தது. பேருந்தில் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்த் திரும்பி நடந்திருந்தாள். படமெடுக்கும் குழாய்க்குள் படுத்தாள். ஒரு மணி நேரத்தில் திரையில் விடை வந்தது: ‘இருக்கலாம்’, எழுபத்து நான்கு விழுக்காடு.

“இதுவே முடிவு இல்ல நிபியா,” என்றார் எச்செனிக்கே. “மெஷின் சான்று எழுதாது, நான்தான் எழுதணும். அதுக்கு முன்னால ரெண்டு மணி நேரம் நீங்க பேசணும், நான் கேக்கணும்.”

“பேசுறேன் டாக்டர். எந்த இடத்தப் பாத்து அது அப்பிடிச் சொல்லுச்சு?”

“அது எங்களுக்கே முழுசாத் தெரியாது.”

“தெரியாதா!” நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “அந்தப் படத்த இன்னொரு தடவ காட்டுங்க.”