சட்டையோடு நின்றவர்

முகூர்த்தத்துக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. மணப்பெண்ணின் தகப்பன் சுகுமாரன் மட்டும் சட்டையைக் கழற்றாமல் கோயில் வாசலில், குவிந்து கிடந்த செருப்புகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். ஆண்கள் மேலுடம்பு திறந்துதான் உள்ளே போக வேண்டும். அவர் முதுகு முழுக்கச் சொரியாசிஸ். சிவந்த திட்டுகள், அவற்றின் மேல் வெள்ளைச் செதில். பல வருடங்களாக அவர் கும்பிட்டதெல்லாம் வெளியே நின்றுதான்.

"ஊர்ச் செருப்புக்கெல்லாம் நீங்கதான் காவலா? மோளைக் கைபிடிச்சுக் குடுக்கறதும் இங்கேயிருந்தேதானா?" என்றாள் மனைவி ரதி.

"உன் அண்ணன் குடுக்கட்டும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பார்த்தா, இது மோளுக்கும் வரும்னு நினைப்பாங்க."

சொல்லும்போதே தோளுக்குக் கீழே அரிப்பு தீயாக ஏறியது. காலையில் மருந்துக்கடைக் குளிகை போட்டிருந்தார். தூக்கம்தான் வந்தது, அரிப்பு அடங்கவில்லை. தூணில் முதுகைத் தேய்க்க நகர்ந்தவர், பொன் கரையிட்ட கசவுப் புடவையில், மணக்கோலத்தில் மகள் அனகா வருவதைக் கண்டு நின்றுவிட்டார். ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு நர்ஸ் அவள்.

"அச்சா, அந்தக் குளிகை கொசுக்கடிக்குக் கேட்கும், இதுக்கு அவ்வளவாக் கேட்காது. உங்க தோல்ல பாதுகாப்புச் செல்லெல்லாம் இல்லாத எதிரியோட சண்டை போடுது. அதுல கிளம்பற ரசாயனம் நரம்பு நுனியைச் சீண்டுது. சொறிஞ்சா சண்டை பெருசாகும். மனசு பதறினாலும் நரம்பு உசுப்பேறும். இப்படி ஒளிஞ்சு நின்னா எப்படி அடங்கும்?"

"மெதுவா மோளே, யார் காதுலயாவது விழப்போகுது."

"விழட்டுமே. பெண் பார்க்க வந்த அன்னிக்கே அவங்ககிட்ட நான் சொல்லியாச்சு. எனக்கும் வந்தாலும் வரலாம்னு சேர்த்துத்தான் சொன்னேன்."

மாப்பிள்ளையின் தாய் சுகுமாரனுக்கு நினைவில் வந்தாள். அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மேசை விசிறியை அவர் பக்கமே திருப்பி வைப்பாள். வேர்த்தால் அரிப்பு கூடும் என்று தெரிந்துதானா? முழுக்கைச் சட்டைக்குள் புழுங்கிக்கொண்டே, எனக்குக் குளிர் ஆகாது என்று அவர் அளந்ததையெல்லாம் அவர்கள் தலையாட்டிக் கேட்டிருக்கிறார்கள். நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

உள்ளே நாதஸ்வரம் எழுந்தது. அவர் பொத்தான்களைக் கழற்றினார். வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்த சட்டையை அனகாதான் மெல்ல உரித்தெடுத்தாள். செதில்கள் அவள் புடவையின் பொன் கரையில் உதிர்ந்தன. பதறித் தட்டிவிடப் போன அவர் கையை அவள் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே படியேறினாள்.

மாப்பிள்ளை வீட்டார் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கோயில் குளத்துப் பக்கமிருந்து வந்த ஈரக்காற்று திறந்த முதுகில் பட்டது.