நம்பத்தகாதவள்

அல்பேர்ட் தன் புதுக் கைத்துவக்கைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தபோது துப்பாக்கி சுடும் கழகத்தில் நின்றவர்கள் எல்லாரும் சுற்றி வந்து பார்த்தார்கள். கவிசாவும் பார்த்தாள். நல்ல துவக்குத்தான். அனுமதி கேட்டு அவன் அன்ட்ராக் என்கிற விண்ணப்பத்தைக் கொடுத்தது அவளுக்குப் பிறகு. அவள் கொடுத்து ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் போய்விட்டிருந்தன.

"உனக்கும் வந்துவிடும்" என்றான் அல்பேர்ட். மனதாரத்தான் சொன்னான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கவிசா ஜெர்மன் நகரமான எசனில் ஒரு மருத்துவமனையின் மின்சாரப் பகுதியில் வேலை செய்கிறவள். வேலையிடத்துத் தோழி ஒருத்தியோடு விளையாட்டாகத்தான் இந்தச் சுடுகழகத்துக்கு முதலில் வந்தாள். தோழி வருவதை நிறுத்திவிட்டாள், இவள் நிறுத்தவில்லை. இலக்குக்கு முன்னால் நிற்கும்போது யாரும் யாரோடும் பேசுவதில்லை. மூச்சை இழுத்து, பாதி விட்டு, அப்படியே நிறுத்த வேண்டும். சின்ன வயதிலிருந்து டாக்டரிடமும் பள்ளிக்கூடத்திலும் அலுவலகங்களிலும் அம்மாவுக்காகவும் அக்கம்பக்கத்தாருக்காகவும் வாய் ஓயாமல் மொழிபெயர்த்து வளர்ந்தவளுக்கு அந்த மௌனம் பெரிய சொத்தாக இருந்தது.

அம்மா தேவமலருக்கு இது துண்டறப் பிடிக்கவில்லை. "துவக்குக்குப் பயந்துதானே பிள்ளை இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள். நீ காசு குடுத்து வாங்கப் போறியோ?"

"அது விளையாட்டம்மா. பேப்பரிலதான் சுடுறது."

மாநிலப் போட்டிக்கான அணியில் அவளைச் சேர்க்க விரும்பினான் கழகத் தலைவன் எமில். கழகத்தின் பொதுத் துவக்குகளின் பிடி பெரிய ஆண்கைகளுக்கானது. அவள் கைக்கு அடங்குகிற ஒன்று சொந்தமாக வேண்டும். பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினாள். இரும்புப் பெட்டி வாங்கிச் சுவரில் பூட்டினாள். மிச்சம் இருந்தது நம்பகத்தன்மைச் சோதனை மட்டும். அதில் பயப்பட என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தாள். ரயிலில் டிக்கெட் எடுக்காமல்கூட அவள் போனதில்லை.

அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்கு அவள் ஃபோன் எடுக்கும்போதெல்லாம் அங்கிருந்த பெண் ஒரே பதிலைச் சொன்னாள். "வேறொரு இடத்திலிருந்து பதில் வரவில்லை."

"எந்த இடம்?"

"அதைச் சொல்ல முடியாது."

"எப்ப வரும்?"

"அதுவும் தெரியாது. திரும்பத் திரும்பக் கேட்பதால் விரைவாக வராது."

கடைசியில் கடிதம் வந்தது. அனுமதியை மறுக்க எண்ணியிருக்கிறோம், உங்கள் விளக்கத்தை எழுதுங்கள் என்றிருந்தது. தடைசெய்யப்பட்ட அமைப்புக்கு நெருக்கமான நிகழ்வுகளுக்கு அவள் பல முறை மண்டபம் ஒழுங்குசெய்து பொறுப்பாளராகக் கையெழுத்து வைத்தாளாம்.

கவிசாவுக்கு விளங்க நேரம் எடுக்கவில்லை. போரில் செத்த போராளிகளுக்கான கார்த்திகை மாதத்து நினைவுநாள். அதை நடத்துகிற நவரத்தினம் அங்கிள் வருசா வருசம் வீட்டுக்கு வந்து, "பிள்ளை, உனக்குத்தானே டொச் வடிவா வரும், ஒருக்கா மண்டபக்காரரோட கதைச்சு விடு" என்பார். கதைப்பாள். மண்டபக்காரர் நீட்டும் இடத்தில் கையெழுத்தும் வைப்பாள். மூன்று வருடத்துக்கு முன்பு வேலையில் மாற்றம் வந்தபோதுதான் அதை விட்டாள். நினைவுநாளில் அம்மா, அங்கே வரிசையாக வைத்திருக்கும் படங்களுக்குள் தன் தம்பி குகனேசனின் படத்தைத் தேடிப் போய் விளக்கேற்றுவா. கவிசா பக்கத்தில் நிற்பாள். அந்த மாமாவை அவள் கண்டதில்லை. அழுகிற அம்மாவைத் தனியே விட ஏலாது, அதுதான்.

நவரத்தினம் வீட்டுக்குப் போய் விசயத்தைச் சொன்னாள். "நான் மொழிபெயர்க்க மட்டும்தான் வந்தனான் எண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ அங்கிள்."

அவர் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "எழுதலாம் பிள்ளை. ஆனா, என்ர மகன் பொலிஸ் வேலைக்கு மனுக் குடுத்திருக்கிறான். இப்ப போய் என்ர பேர் அங்கை போச்செண்டால்..."

"என்ர பேர் போயிட்டுதே அங்கிள்."

"உனக்கென்ன, ஒரு விளையாட்டுத்தானே? விட்டுட்டு வேற ஏதும் விளையாடன்."

அவள் எழும்பி வந்துவிட்டாள். படியிறங்கும்போது அவர் மனைவி ஓடிவந்து ஒரு பையில் வடை கொடுத்தா. வாங்காமல் வர அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பதிலைத் தானே எழுதி எமிலிடம் காட்டினாள். மொழிபெயர்த்தது, அம்மா, மாமாவின் படம், எல்லாம் இருந்தது. மாமாவைப் பற்றி எழுதிய பந்தியில் எமில் விரலை வைத்தான்.

"இது தேவையா? நீயே ஏன் அவர்களுக்குக் காரணம் எடுத்துக் கொடுக்கிறாய்?"

"இதுதானே உண்மை."

"உண்மைதான். ஆனால் படிக்கிறவனுக்கு நீ யார் என்று தெரியாதே. தனிப்பட்ட தொடர்பு எதுவும் இல்லை என்று எழுது. சுருக்கமாக."

இரண்டு நாள் அந்தப் பந்தியோடு மல்லுக்கட்டினாள். பிறகு எடுத்துவிட்டு, குடும்பத் தொடர்பு எதுவும் இல்லை என்று எழுதினாள்.

"என்ன பிள்ளை எழுதினனீ?" என்று கேட்டா அம்மா.

"நடந்ததைத்தான் எழுதினன்."

எத்தனையோ கடிதங்களை அம்மாவுக்கு மொழிபெயர்த்தவள், முதல்தடவையாகப் பிழையாக மொழிபெயர்த்தாள்.

மறுப்பு வந்த நாளில் வேலையுடுப்புக்கூட மாற்றாமல் குசினியில் நின்று வாசித்தாள். மண்டபம் பற்றி இரண்டு வரிதான். மொழிபெயர்க்க மட்டுமே போனார் என்பது சாத்தியமே என்றுகூட எழுதியிருந்தார்கள். ஆனால் விண்ணப்பதாரியின் தாயார் அந்த மண்டபத்தில் தன் சகோதரன் குகனேசனின் படத்துக்கு விளக்கேற்றியதும், விண்ணப்பதாரி அருகில் நின்றதும் தெரிந்த விடயம். குடும்பத் தொடர்பு இல்லை என்று அவர் எழுதியது உண்மைக்கு மாறானது. அதிகாரிகளுக்கு உண்மை சொல்லாதவரை நம்பகமானவராகக் கொள்ள முடியாது.

கதிரையில் இருந்தாள். அந்தப் பந்தியை எடுக்காமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இனி யாரும் சொல்லப் போவதில்லை.

"இல்லையாமோ?" என்றா அம்மா.

"இல்லையாம்."

"ஏனாம்?"

வழக்கம்போல இரண்டு வார்த்தையில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. கடிதத்தைத் தொடக்கத்திலிருந்து வரிவரியாகத் தமிழில் சொன்னாள். விளக்கேற்றியதைச் சொன்னாள். தான் இல்லையென்று எழுதியதையும் சொன்னாள்.

ஏச்சு விழும் என்று பார்த்தாள். விழவில்லை. அம்மா அடுப்பை நிறுத்திவிட்டு வந்து, வாசிக்கத் தெரியாத அந்தப் பக்கத்தைக் குனிந்து பார்த்தா.

"தம்பியின்ர பேரைப் போட்டிருக்கிறாங்களோ?"

"ஓம்."

"சரியாப் போட்டிருக்கிறாங்களோ?"

கவிசா எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். "ஓம் அம்மா. சரியாத்தான் இருக்கு."

"அவன்ர சாவுக்கு எங்களிட்ட ஒரு கடதாசி இல்லை" என்றா அம்மா. "ஒருதரும் தரேல்லை." பிறகு மகளின் முகத்தைப் பார்க்காமலே கேட்டா. "நீயும் அவன் இல்லையெண்டுதானே எழுதினனீ?"

கவிசா கடிதத்தை மடித்தாள். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டா.

வழக்குப் போடலாம் என்று ஒரு வக்கீல் சொன்னார். வழக்கென்றால் அந்தப் பொய்யைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள் என்றும் சொன்னார். கவிசா வழக்குப் போடுவதற்கான தவணை நாளைப் போகவிட்டாள். கழகத்தின் பொதுத் துவக்கால் இன்னும் சுடலாம் என்று எமில் ஃபோன் எடுத்துச் சொன்னான். ஆனால் நிர்வாகத்தில் சிலர் யோசிக்கிறார்கள், கொஞ்சக் காலம் பொறுத்து வந்தால் நல்லது என்று அதே மூச்சில் சேர்த்தான். சரி என்றாள். மாநிலப் போட்டியில் அணி நான்காவதாக வந்ததாக அல்பேர்ட் செய்தி அனுப்பினான். வாழ்த்துகள் என்று எழுதிவிட்டு, மருத்துவமனையின் நிலக்கீழ் அறையில் எரிந்துபோன ஃபியூஸ் ஒன்றை மாற்றப் போனாள்.