வெயில் விழும் பக்கம்

மணிக்கூண்டார் கண் விழித்தபோது முகத்தில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

அது நடக்கக்கூடாத காரியம். படகு தெற்கே போனால், மதியத்துக்கு மேல் மேற்கு ஜன்னல் வழியாக வரும் வெயில் எதிர்ப்பக்கம் போய் விழும்; அந்த ஜன்னலுக்குக் கீழே இருக்கும் வலப்பக்கக் கட்டிலில் நிழல்தான் இருக்க வேண்டும். அதற்காகவே அந்தக் கட்டிலைத் தனக்கென்று பிடித்துக்கொண்டவர் அவர். எதிர்ப்பக்கக் கட்டிலில் வெயிலில் காய்வது மனைவியின் பாடு.

பேருந்துகளுக்குக் கால அட்டவணை போட்டே தலை நரைத்தவர். மணிக்கூண்டு என்பது டிரைவர்கள் வைத்த பெயர். ஓய்வு பெற்ற கையோடு, யார் பேச்சையும் கேட்காமல் ஒரு பாய்மரப் படகு வாங்கினார். மருந்துக்கடை நடத்திக்கொண்டிருந்த மனைவியையும் ஏற்றிக்கொண்டு, தீவு தீவாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

மேலே ஏறிப் பார்த்தார். மனைவி தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகச் சுக்கான் சக்கரத்தைப் பிடித்து நின்றாள்.

"படகு வடக்கே போகுது," என்றார்.

"தெரியும். நான்தான் திருப்பினேன்."

"பாயை இந்தப் பக்கம் மாத்தியிருக்கே. எனக்குச் சத்தமே கேக்கலையே?"

"சளி மாத்திரை குடுத்தேன்ல. அதைப் போட்டா இடியே விழுந்தாலும் கேக்காது."

"அப்ப வேணும்னே குடுத்திருக்கே."

"சளியும் இருந்துச்சுங்க."

வடக்கே இருந்த தீவில் ஒரு சின்ன விமானத்தளம் உண்டு. வெள்ளிக்கிழமை மதியம் ஒரு விமானம். அதை விட்டால் அடுத்த வாரம்தான். மகளுக்குத் தலைப்பிரசவம். அடுத்த வாரம் என்று டாக்டர் நாள் குறித்திருந்தார். மனைவி போகணும் என்று சொல்லும்போதெல்லாம் மணிக்கூண்டார் காற்றைக் காரணம் காட்டினார். இன்று காலை கிழக்குக் காற்று எழுந்ததும், ஆள் இல்லாத தெற்குத் தீவுகளுக்குப் பாயை விரித்துவிட்டார். வடக்கே போகவும் அதே காற்று போதும் என்பது அவளுக்குத் தெரியாது என்று நினைத்ததுதான் பிசகு.

"நீ போயிட்டா நான் தனியா எப்படிப் படகு ஓட்டுறது?"

"நீங்களும் வாங்க."

"படகை யாரு பாத்துக்கிறது?"

"கட்டிப் போட்டுட்டு வாங்க. அவுத்துக்கிட்டு ஓட அது என்ன கன்னுக்குட்டியா?"

அவர் சக்கரத்தைப் பார்த்தார். அவள் விரல்கள் இறுகின.

"தொடாதீங்க. சக்கரம் யார் கையில இருக்கோ அவங்க வச்சதுதான் சட்டம், தூங்கி எழுந்தவங்க வாயைத் திறக்கக் கூடாது. யார் சொன்னது?"

சொன்னவர் அவர்தான். படகில் ஏறிய புதிதில், அவள் பாதித் தூக்கத்தில் எழுந்து வந்து யோசனை சொல்வது பொறுக்காமல் போட்ட சட்டம். வாயை மூடிக்கொண்டு கீழே போய் டீ போட்டார்.

டீ குடித்து முடித்ததும் சக்கரம் பிடிக்க அவர் முறை வந்தது. அவள் ஒரு நொடி தயங்கினாள். பிறகு சக்கரத்தை விட்டு விலகினாள். இனி அவர் வைத்ததுதான் சட்டம். திரும்பவும் தெற்கே திருப்பினால் கேட்க முடியாது.

"நான் போய்ப் படுக்கிறேன்," என்றாள்.

கீழே இறங்கியவள் தன் கட்டிலுக்குப் போகவில்லை. வலப்பக்கம் போய், அவர் தலையணையில் தலை வைத்தாள்.

"அங்க வெயில் அடிக்கும்டீ."

"அடிக்கட்டும். வெயில் போச்சுன்னா எனக்கு முழிப்பு வந்துடும்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டாள்.

மணிக்கூண்டார் நின்றார். சுற்றிலும் தண்ணீர். அண்ணாந்து பார்த்தார். பாய் தளர்ந்து, அதன் ஓரம் படபடத்துக்கொண்டிருந்தது. அவள் கயிற்றைச் சரியாக இழுத்துக் கட்டவில்லை. இந்த வேகத்தில் போனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் போய்ச் சேரலாம். விமானம் போயிருக்கும். சக்கரத்தைத் திருப்பக்கூட வேண்டாம். சும்மா இருந்தாலே போதும். அவள் முகத்து வெயிலும் அப்படியே இருக்கும்.

படிக்கட்டு வழியாக எட்டிப் பார்த்தார். வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றி வியர்த்திருந்தது.

சக்கரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் கயிற்றை இழுத்தார். படபடப்பு நின்றது. படகு ஒரு பக்கம் சாய்ந்து வேகம் பிடித்தது. சாய்ந்ததில், முகத்தில் இருந்த வெயில் அவள் கழுத்துக்கு இறங்கியது.

அவள் விழித்துக்கொண்டாள். "எங்க போகுது?"

"வடக்கே. பாயை இழுத்துக் கட்டினேன். நீ தூங்கு."